ஹார்டுவேர் பைத்தியங்களே, இந்த விலையிலும் ஆர்வம் மிச்சம் இருக்கிறதா?

தண்டர்பேர்ட் (சென்னை)

ராம் விலையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். 2025 நடுவில் 32 ஜிபி டிடிஆர்5 ராம் வாங்கிய காசுக்கு அந்த வருடக் கடைசியில் 16 ஜிபி கூட வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீன் விலை மாதிரி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொன்னார்கள். காரணம் தெரிந்ததுதான். உலகத்து ராம் சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். ஏஐ சர்வர்காரர்கள் கேட்கும் மெமரியில் லாபம் அதிகம், மூவரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். டிசம்பர் 2025இல் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக அறிவித்தது.

ஆனால் என் புலம்பல் விலை பற்றி இல்லை. விலை முன்பும் ஏறியிருக்கிறது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது விலை இரண்டு மடங்கானது, சாக்கோடு சாக்காக வாரண்டியையும் குறைத்தார்கள். அதையும் தாண்டி வந்தோம்.

நான் சொல்ல வருவது வேறு. இந்த ஆர்வம் ஒரு காலத்தில் கையில் காசில்லாதவனுக்குச் சாதகமாக இருந்தது. 1998இல் வந்த இன்டெலின் மலிவு சிப் செலரான் 300ஏ ஞாபகம் இருக்கிறதா? பஸ் வேகத்தை, அதாவது போர்டின் அடிப்படைத் தாளத்தை, 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். பல மடங்கு விலை கொடுத்து பென்டியம் 2 வாங்கியவர் ஆடும் அதே கேமை அதே வேகத்தில் ஆடலாம். என் பெயருக்குக் காரணமான ஏஎம்டி சிப்பில், மேலே தெரியும் எல்1 புள்ளிகளைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் மல்டிப்ளையர் (பஸ் வேகத்தைப் பெருக்கிச் சிப்பின் வேகத்தைத் தரும் எண்) பூட்டுத் திறந்துகொள்ளும். சாதாரணப் பென்சில்! 2009இல் ஏஎம்டியின் ஃபீனம் 2 எக்ஸ்2 550 வந்தது. இரண்டு கோர் காசைக் கொடுத்துவிட்டு பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருளில்) ஒரு ஆப்ஷனை மாற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு கோர். 2010 டிசம்பரில் வந்த ரேடியான் 6950 கிராபிக்ஸ் கார்டில் அதன் அண்ணன் 6970இன் பயாஸை ஏற்றினால் மூடிவைத்த ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் அலகுகள்) திறந்தன.

அப்புறம் 2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. அதில் 2500கே அருமையான சிப், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தியதும் அதே தலைமுறைதான். அதுவரை பஸ் வேகத்தைக் கூட்டி எந்த மலிவு சிப்பையும் வேகமாக ஓட்டலாம். சாண்டி பிரிட்ஜில் கார்டுகளுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ், டிஸ்க்குக்கான சாட்டா எல்லாம் அந்த ஒரே கிளாக்கில் தொங்கின. நாலைந்து சதவீதம் கூட்டினாலே மற்றதெல்லாம் தடுமாறும். மல்டிப்ளையரைத் தொட வேண்டுமா, 'கே' என்ற எழுத்துக்குத் தனிக் காசு. அதற்கு ஏற்ற போர்டுக்கு இன்னும் கொஞ்சம். இப்போது அந்தக் 'கே'யை வாங்கினாலும் பிரயோஜனம் குறைவு, தொழிற்சாலையிலேயே விளிம்பு வரை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள்.

பொருளில் ஒரு மிச்சம் இருந்தது, அதை நாம் தோண்டி எடுத்தோம். அதுதானே இந்தப் பொழுதுபோக்கு? அந்த மிச்சம் இப்போது விலைப் பட்டியலுக்குள் போய்விட்டது. வாங்குவதைத் தவிர நமக்கு என்ன வேலை இருக்கிறது?

நெல்லை நெட்

அண்ணாச்சி, நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு பென்சில் கோடு போட்டீர்கள். எங்களுக்கு 2012இல் கரண்ட் இருந்தால் போதும் என்று இருந்தது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, எங்களுக்குக் கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் எண்ணுவோம். புது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போட்டேன், கரண்டைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல மாடல். வீட்டு யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் போதெல்லாம் சிஸ்டம் பொத்தென்று அணைந்துவிடும். கடைக்காரர் எஸ்எம்பிஎஸ் கோளாறு என்றார், யூபிஎஸ் விற்றவர் கம்ப்யூட்டர் கோளாறு என்றார். இரண்டும் நல்ல பொருள்தான், மலிவு யூபிஎஸ் சீரான சைன் அலைக்குப் பதிலாகக் கொடுக்கும் படிக்கட்டு அலை சில ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துவராது, அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க இணையத்தில் நான் படித்த படிப்பை காலேஜில் படித்திருந்தால் ரேங்க் வாங்கியிருப்பேன்.

அப்புறம் பல்லி. எஸ்எம்பிஎஸ் உள்ளே கதகதப்பாக இருக்கிறது என்று போய்ப் படுத்து, தானும் போய், போர்டையும் கூட்டிக்கொண்டு போன பல்லி. வாரண்டி கார்டில் பூச்சி சேதம் செல்லாது என்று ஒரு வரி இருக்கும், படித்துப் பாருங்கள்.

மைனஸ் முப்பது (பெங்களூரு)

தண்டர்பேர்ட் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். மிச்சம் எங்கேயும் போகவில்லை, திசை மாறியிருக்கிறது. நீங்கள் மேலே ஏற்றினீர்கள், நாங்கள் கீழே இறக்குகிறோம்.

கம்பெனி விளிம்பு வரை ஏற்றி அனுப்புகிறது என்றீர்கள். சரி. அப்படியென்றால் கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காக எவ்வளவு கரண்டை வீணாக்குகிறது என்று பாருங்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 என்பது 320 வாட் கிராபிக்ஸ் கார்டு. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற கர்வைக் கொஞ்சம் இறக்கினால் 250 வாட் பக்கத்தில் ஓடும். ஃபிரேம் எண்ணிக்கையில் குறைவது கண்ணுக்கே தெரியாது. சத்தம் குறையும், அறைச் சூடு குறையும், ஈபி பில்லும் குறையும். என் பெயரே ஏஎம்டியின் ரைசன் சிப்பில் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் முப்பது வைக்கும் பழக்கத்தில் வந்ததுதான். எல்லா சிப்பும் தாங்காது. ஒவ்வொரு கோராகச் சோதித்து, எது தடுமாறுகிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் மைனஸ் பதினெட்டு, மற்றதற்கு முப்பது என்று ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். இது தோண்டுவது இல்லையா?

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய எக்ஸ்370 போர்டில், 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி ஓடுகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி, அதாவது எல்3 கேஷ், 96 எம்பி. போர்டு அதே, ராம் அதே, கூலர் அதே. செலரான் காலத்தில் இப்படி ஒரு பாய்ச்சல் ஒரே சாக்கெட்டில் கிடைத்ததா?

தண்டர்பேர்ட் (சென்னை)

தம்பி, ஏஎம்4 நல்ல கதைதான், ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். 2020 மே மாதம் ஏஎம்டி என்ன சொன்னது? எக்ஸ்370க்குப் பின்னால் வந்த 400 சீரிஸ் போர்டுகளுக்கே அடுத்து வரும் ஜென் 3 சிப்புகள் கிடையாது, புது போர்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. ஆட்கள் கத்தின பிறகுதான் மனம் மாறியது. எக்ஸ்370க்கு அனுமதி வந்தது 2022இல், அதுவும் இன்டெல் 12ஆம் தலைமுறை நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில். போட்டி இருந்ததால் கிடைத்தது. போட்டியாளர் தூங்கினால் என்ன ஆகும் என்று 2011 முதல் 2017 வரை பார்த்தோமே, இன்டெலிடம் வருடா வருடம் நான்கே கோர், பெட்டி மட்டும் புதுசு.

வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், அதற்கு முதலில் 3080 வாங்க வேண்டும். 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று சொல்லி வெளியிட்டார்கள். அந்த விலைக்கு அதைப் பார்த்தவர் யாராவது இந்த இழையில் இருக்கிறீர்களா?

பம்பலப்பிட்டி (கொழும்பு)

நீங்கள் எல்லாரும் கம்பனிகளோடு சண்டை பிடிக்கிறீர்கள். எங்களுக்குச் சண்டை நாணயத்தோடு.

2022 தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாய் அளவில் நின்றது. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், கொஞ்ச நாளிலேயே முந்நூற்றி அறுபதுக்குக் கிட்டப் போய்விட்டது. நான் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். சேர்க்கச் சேர்க்க அது தூரம் போனது. யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் திறந்துதான் இருந்தன, ஆனால் விலைச் சீட்டை எடுத்துவிட்டு, "என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, கேட்டுச் சொல்லுறன்" என்ற நிலை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கார்டு இருந்தாலும் எதில் ஓட்டுவது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில்தான் இங்கே பழுது பார்க்கிற ஆட்களுக்கு மதிப்பு வந்தது. புதியது எடுக்க முடியாது என்றான பிறகு, உப்பிப்போன கப்பாசிட்டரை மாற்றுகிறவர், மொஸ்ஃபெட் எரிந்த போர்டை உயிர்ப்பிக்கிறவர் வாசலில் வரிசை. நானும் ஒரு சோல்டரிங் ஐயன் வாங்கி, செத்த போர்டுகளில் பழகினேன். தண்டர்பேர்ட் அண்ணை கேட்கிற மிச்சம் எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது. விருப்பப்பட்டுத் தேடினது இல்லை, வேறு வழி இருக்கவில்லை. அதனால் இதைப் பெரிய வீரமாகச் சொல்லவும் எனக்கு மனம் இல்லை.

சர்வீஸ் கவுண்டர்

3080 விலைக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். சில வருடம் ஒரு கடையில் இருந்தேன். கடை பெயர், ஊர் எல்லாம் வேண்டாம், ஆட்கள் இன்னும் பழக்கத்தில் இருக்கிறார்கள்.

2021இல் கார்டு வந்தால் ரேக்குக்கே போகாது. கார்டை ஓட்டிக் கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங்காரர் பெட்டியோடு எடுத்துப்போவார். மீதி ஒன்றிரண்டு இருந்தால், "கார்டு மட்டும் கிடையாது சார், கூட எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எடுத்தால் தருகிறோம்" என்று சொல்லச் சொல்வார்கள். சொன்னவன் நான்தான், திட்டு வாங்கியவனும் நான்தான். விற்காமல் கிடந்த சரக்கெல்லாம் அப்படித்தான் தீர்ந்தது. ஆசைப்பட்டு வந்த காலேஜ் பசங்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060ஐ 2021 பிப்ரவரியில் விட்டபோது, மைனிங் செய்தால் வேகம் பாதியாகும்படி பூட்டுப் போட்டிருக்கிறோம், இது கேமர்களுக்கு என்றார்கள். அடுத்த மாதமே அவர்களுடைய சொந்த பீட்டா டிரைவர் ஒன்று, 470.05, அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. கடையில் அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

2022 செப்டம்பர் 15இல் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டது. அதுவரை கெஞ்ச வைத்த ஆட்களே கார்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இதில் பலருக்கு ஒரு தப்பு எண்ணம் இருக்கிறது, மைனிங் கார்டு என்றால் சிப் தேய்ந்திருக்கும் என்று. கரண்ட் செலவுதான் அவர்கள் செலவு, அதனால் பெரும்பாலானவர்கள் வோல்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். சிப்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. போவது ஃபேன் பேரிங், அப்புறம் மெமரி மேலே இருந்து சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட். 3080, 3090இல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரி வரை போய் நிற்கும். அந்தப் பேட் காய்ந்து எண்ணெய் கக்கியிருந்தால் மாற்ற வேண்டும். நூறு கேள்வி கேட்பதைவிட மெமரி டெம்பரேச்சரைக் காட்டச் சொல்லிப் பத்து நிமிடம் லோடு போட்டுப் பாருங்கள்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. "பில் வேணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று நினைத்து, அப்புறம் செத்த போர்டோடு வந்து கவுண்டரில் நின்றவர்கள் நிறைய. சீரியல் நம்பரை வைத்தே எடுத்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

நெல்லை நெட்

சர்வீஸ் கவுண்டர் அண்ணன், அந்தக் காலத்தில் நான் கார்டோடு ஒரு டப்பா கேபினட்டையும் கட்டாயமாக வாங்கினேன். விற்றது நீங்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சர்வீஸ் கவுண்டர்

உள்ளே எல்ஈடி ஃபேன் மூன்று, காற்று போக ஓட்டை ஒன்றுகூட இல்லாத முன்பக்கக் கண்ணாடி. அதுவா? அப்படியென்றால் ஊரில் எல்லாக் கடையிலும் அதைத்தான் தள்ளினோம்.

ஓம்ஸ் லா (வேலூர்)

மூன்று பக்கம் போய்விட்டது, யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை. வேலூரில் இருந்து ஒருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

யூட்யூப் ரிவ்யூக்களில் வரும் டெம்பரேச்சரை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு டிகிரி அறையில் எடுத்தது. கூலர் செய்வதெல்லாம் அறைச் சூட்டுக்கு மேலே எத்தனை டிகிரி என்பதைக் குறைப்பதுதான். மே மாதம் என் அறை 36. அங்கே 75 காட்டிய ப்ராசசர் இங்கே 90ஐத் தொடும், கூலர் மேல் தப்பே இல்லை. ரைசன் 7000 சிப்புகளை 95 டிகிரி வரை போகலாம் என்றே வடிவமைத்திருக்கிறார்கள், எனவே பயந்து வாட்டர் கூலருக்குக் காசு கொட்ட வேண்டாம். அதே காசில் நல்ல மெஷ் கேபினட்டும் பவர் லிமிட்டைக் குறைக்கும் புத்தியும் இருந்தால் போதும். இந்த விஷயத்தில் மைனஸ் முப்பது பக்கம் நான்.

ஆனால் தண்டர்பேர்ட் சார் சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். மிச்சத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்றீர்கள். அதை எடுத்தால் அதோடு வரும் ஆபத்தும் சேர்ந்து வரும், அதை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் விஷயம் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஆறு கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட வேண்டும் என்பதற்காக ஏற்றினார்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், சிப் உள்ளேயே மெல்ல மெல்லக் கெட்டது. அன்ரியல் எஞ்சினில் செய்த கேம்களில் வந்த எரர் என்ன தெரியுமா? வீடியோ மெமரி போதவில்லை என்று! உலகம் முழுக்க ஆட்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், ராமைக் கழற்றி மாட்டினார்கள். குற்றவாளி ப்ராசசர். 2024 ஆகஸ்டில்தான் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்த மென்பொருள்) வந்தது. வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட சிப்பை மைக்ரோகோட் சரி செய்யாது.

செலரானை 450இல் ஓட்டியவர், எரிந்தால் என் பொறுப்பு என்று தெரிந்து ஓட்டினார். பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டியவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கடைசியாக, சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்: கடைக்குப் போய் போர்டின் விஆர்எம் (ப்ராசசருக்கு வோல்டேஜ் கொடுக்கும் பகுதி) பற்றிக் கேட்டால் "தம்பிக்கா மேடம் வாங்குறீங்க?" என்று கேட்கும் பழக்கத்தை நிறுத்தினால் நன்றாக இருக்கும். தம்பிக்கும் சேர்த்து அசெம்பிள் செய்து கொடுப்பது நான்தான்.

மைனஸ் முப்பது (பெங்களூரு)

அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த இன்டெல் பிரச்சினையை வெளியே கொண்டுவந்ததில் கேம் கம்பெனிகளின் கிராஷ் ரிப்போர்ட்டுகளுக்கும், தோண்டித் துருவிய ஆர்வலர்களுக்கும் பங்கு உண்டு. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கார்டு கதையும் அப்படித்தான். 4 ஜிபி மெமரி என்று 2014 செப்டம்பரில் விற்றார்கள். 3.5க்கு மேல் போனால் மெமரி நொண்டுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் சாதாரணமாக வாங்கிப் பயன்படுத்தியவர்கள்தான். அமெரிக்காவில் வழக்குப் போட்டு ஆளுக்கு 30 டாலர் வாங்கினார்கள். நமக்கு அதுவும் வரவில்லை, அது வேறு.

அண்ணா "நமக்கு என்ன வேலை" என்று கேட்டாரே. கம்பெனி சொல்வதை அளந்து பார்ப்பது. நம்மைத் தவிர யார் செய்வார்கள்?

தண்டர்பேர்ட் (சென்னை)

சம்பளம் இல்லாத க்யூசி (தரச் சோதனை) வேலை என்கிறீர்கள். நாற்பதாயிரம் கொடுத்து அதைச் செய்ய வேண்டும். முன்பு ஐயாயிரத்துக்கு வாங்கி பத்தாயிரத்துக்கான வேலையை வாங்கினேன், அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை இது ஈடுகட்டுமா, தெரியவில்லை. ஆனால் ஓம்ஸ் லா சொன்ன பொறுப்புக் கணக்கு எனக்குத் தோன்றாத கோணம். ஆபத்து என் கையில் இருந்தவரை அது பொழுதுபோக்கு, அதை அடுத்தவர் முடிவு செய்தால் அது வெறும் பழுது. இதை யோசிக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி தம்பி, போர்டு வேலை பற்றித் தனி இழை ஆரம்பியுங்கள். எந்த ஐயன், என்ன ஃப்ளக்ஸ், எங்கிருந்து பழகுவது என்று எழுதினால் நான் முதல் ஆளாக வருவேன்.

நெல்லை நெட்

தத்துவம் போதும், எனக்கு வழி சொல்லுங்கள். ரைசன் 3600, பி450 போர்டு, டிடிஆர்4 16 ஜிபி. டிடிஆர்5 கேட்கும் ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகலாமா? ராம் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

மைனஸ் முப்பது (பெங்களூரு)

போகாதீர்கள். போர்டு, ப்ராசசர், டிடிஆர்5 மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்குவதற்கு இது மோசமான நேரம். இருக்கும் ராமைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, செகண்ட் ஹேண்டில் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி தேடுங்கள். கேம்தான் முக்கியம் என்றால் இதுதான் சரி. இரண்டும் புதிதாகக் கிடைப்பது அரிது, அதனால் விற்பவர்களும் விலை தெரிந்துதான் விற்பார்கள். கிடைக்காவிட்டால் சாதாரண 5700எக்ஸ் போதும், 65 வாட், உங்கள் கூலரே தாங்கும்.

சர்வீஸ் கவுண்டர்

ஏஎம்4இல் பின் ப்ராசசரில்தான் இருக்கும், சாக்கெட்டில் இல்லை. எனவே வாங்கும்போது கீழே திருப்பி, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசை வளைந்து தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். "ஓடிக்கிட்டிருந்தது சார், நேத்துதான் கழற்றினேன்" என்று சொல்பவரிடம் போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ப்ராசசரைக் கூலரோடு சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள், ஏஎம்4இல் அது அடிக்கடி நடக்கும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை லேசாகத் திருகி எடுங்கள்.

ஓம்ஸ் லா (வேலூர்)

3600 மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். புது சிப்பை மாட்டிவிட்டுத் திரை வரவில்லை என்று எழுதுபவர்கள் பாதிப் பேர் இதை விட்டவர்கள். சில பி450 போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான், அதனால் புது பயாஸில் ரொம்பப் பழைய ப்ராசசர்களுக்கான ஆதரவை எடுத்திருப்பார்கள். போர்டு கம்பெனியின் பட்டியலில் உங்கள் 3600உம் வாங்கப்போகும் சிப்பும் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து இறக்குங்கள். முடிந்ததும் பழைய ராம் இரண்டையும் போட்டு மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை ஒரு ராத்திரி ஓடட்டும்.

நெல்லை நெட்

சரி அக்கா. பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால்?

ஓம்ஸ் லா (வேலூர்)

போர்டு போச்சு. உங்கள் போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென் டிரைவ் வைத்துக் காப்பாற்றலாம், இல்லையென்றால் பம்பலப்பிட்டிக்குத்தான் பார்சல் அனுப்ப வேண்டும். அந்தப் படிக்கட்டு அலை யூபிஎஸ்ஸை மாற்றிவிட்டீர்களா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

நெல்லை நெட்

மாற்றிவிட்டேன், இப்போது இருப்பது சைன் வேவ். பேட்டரி மட்டும் பழசு. சனிக்கிழமை அதை மாற்றிவிட்டு பயாஸை ஆரம்பிக்கிறேன்.